சூரியன் முந்தி வராது

நல்லதண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது இரவு பத்து மணி. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக வந்த அந்த பஸ்ஸில் எல்லோரும் கூட்டமாக வந்திருந்தார்கள். குடும்பத்தோடு, ஊர்க்காரர்களோடு, கைக்குழந்தையோடு. தனியாக வந்தவன் நான் ஒருவன்தான். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை. புதுச் சப்பாத்து, முதுகில் ஒரு பை, துணைக்கு ஆளில்லாத முதல் மலைப் பயணம்.

சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த மலை இதுவல்ல, பிதுருதலாகலைதான். ஆனால் மக்கள் இரவிரவாக ஏறுவது இந்த மலையில்தான். உச்சிப் பாறையில் உள்ள பாதச்சுவட்டைச் சைவர்கள் சிவனுடையது என்கிறார்கள், பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள். முஸ்லிம்களுக்கு அது ஆதமின் பாதம். 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா ஏறியபோது, பாறையில் மாட்டியிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பிடித்துத்தான் மேலே போக முடிந்தது. இப்போது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரையான யாத்திரைக் காலத்தில் வழி முழுக்க மின்விளக்கும் தேநீர்க்கடைகளும் உண்டு.

முதல் தடவை ஏறுபவரைச் சிங்கள யாத்திரிகர்கள் ‘கோடுகாரயா’ என்பார்கள். அனுபவப்பட்ட ஒருவர் தலைமை தாங்கிக் கூட்டத்தை நடத்திப் போவார். அவர் பெயர் ‘நடே குரா’. எங்கே நிற்பது, எங்கே குளிப்பது என்பதெல்லாம் அவர் சொல்படிதான். நானோ குரு இல்லாத கோடுகாரன். நள்ளிரவுக்கே புறப்பட்டுவிட்டேன்.

படியில் கேட்ட கேள்வி

முதல் ஒரு மணி நேரம் தேயிலைச் சரிவை ஒட்டிய நல்ல பாதை. ஜப்பானியர் உதவியில் எழுந்த வெள்ளைத் தாதுகோபுரத்தைத் தாண்டியதும் படிகள் நெருங்கின. இரண்டு இரண்டு படியாகத் தாவினேன். முன்னால் போனவர்களை எல்லாம் முந்தினேன். யாரும் கேட்காத போட்டி அது.

ஒரு திருப்பத்தில், எழுபதை எட்டியிருக்கக்கூடிய தோட்டத்து அம்மா ஒருவர் படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். வெறும் கால். தலையைச் சுற்றி ஒரு துவாய்.

“யாரோட வந்தீங்க தம்பி?”

“தனியாத்தாம்மா.”

“அதான் இந்த ஓட்டமா? வேகமாப் போனா சூரியன் முந்தி வந்திருமா?”

சிரித்துவிட்டு மேலே போனேன்.

இந்திகட்டுபான என்ற இடத்தில் வழியோரமெங்கும் வெள்ளை நூல். புத்தர் இங்கே உட்கார்ந்து கிழிந்த சீவரத்தைத் தைத்தார் என்பது நம்பிக்கை. அதனால் யாத்திரிகர்கள் நூல் கட்டி, உருண்டையை அவிழ்த்துக்கொண்டே ஏறுகிறார்கள். பனி கோத்த அந்த நூல்கள் விளக்கு வெளிச்சத்தில் சிலந்தி வலைபோல மின்னின. ஒரு சிறுவன் நூல் அறுந்துவிடாமல் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து ஏறிக்கொண்டிருந்தான். அவனையும் முந்தினேன்.

மூன்று மணி நேரக் குளிர்

உச்சியை அடைந்தபோது மணி மூன்றேகால். சூரியன் வர இன்னும் மூன்று மணி நேரம்.

மலையில் ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் வெப்பநிலை சுமார் ஆறு பாகை குறையும். நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் ஏற்றம். அதோடு காற்று வேறு. தாவித் தாவி ஏறியதில் சட்டை பிழிந்தெடுக்கும் அளவுக்கு நனைந்திருந்தது. மாற்றுச் சட்டை கொண்டுவரவில்லை. ஈரத் துணி உடம்புச் சூட்டை உறிஞ்ச, மதிலோரம் குந்திப் பல் கிட்டிக்கொண்டிருந்தேன். வேர்க்காமல் ஏறுவது சோம்பல் அல்ல, அதுவே மலை ஏறும் முறை என்பது அங்கேதான் விளங்கியது.

அந்த அம்மா வந்து சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். சட்டை காய்ந்தபடியே, முகத்தில் களைப்பில்லாமல். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தலைத் துவாயை அவிழ்த்து என் தோளில் போட்டார்.

ஆறரை மணிக்குச் சற்று முன் கிழக்கு சிவந்தது. எல்லோரும் அந்தப் பக்கம் பார்க்க, அவர் மேற்கே கை காட்டினார். மலையின் நிழல் பனிமூட்டத்தின் மேல் அச்சுப் பிசகாத முக்கோணமாக விழுந்து கிடந்தது. எந்த மலையின் நீண்ட நிழலும் தொலைவில் குவிந்து முக்கோணமாகத்தான் தெரியும். காரணம் தெரிந்திருந்தும் நான் வாய் பிளந்து நின்றேன்.

உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனையாவது தடவையோ அத்தனை அடி அடிக்க வேண்டும். அந்த அம்மா பதினொரு தடவை அடித்தார். நான் ஒன்று.

இறக்கத்தில்தான் மீதிப் பாடம். இறங்கும்போது தொடைத் தசை உடம்பின் பாரத்தை ஒவ்வொரு படியிலும் தடுத்துப் பிடிக்கிறது. வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் தெரியும். நான் இரண்டு நாள் மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கினேன்.

தனியாகப் போனால் தைரியம் வரும் என்கிறார்கள். எனக்கு வந்தது தைரியமல்ல, என் நடையின் அளவு. கூட வருபவர் இருந்தால் அவர் வேகம் என்று சாக்குச் சொல்லலாம். தனியே போகிறவனுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

முதல் தடவை தனியே போகிறவர்கள் யாத்திரைக் காலத்திலேயே போங்கள். மற்ற மாதங்களில் விளக்கும் கடையும் இருக்காது, மழையும் காற்றும் பொல்லாதவை. மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் வையுங்கள். அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்பட்டால் போதும். சூரியன் ஆறரைக்குத்தான் வரும்.