சேற்றை எரிக்காமல் அறிவது

1899-ஆம் ஆண்டில் கொடைக்கானலில் ஸ்தாபிக்கப்பட்ட சூரிய ஆராய்ச்சி நிலையத்தில், கதிரவனின் கரும்புள்ளிகளிலிருந்து வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்கின்றன என்பதை, நிறமாலைக் கோடுகளின் நுண்ணிய விலகல் ஒன்றைக்கொண்டே 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தார். எட்டாத வஸ்துவை ஒளியால் அறியும் அந்த முறை, அதே பழனி மலைகளில் காலடியிலே கிடக்கும் சேற்றை ஆராய்வதற்கும் ஏற்றதாகும்.

சார்னோகைட் பாறையாலான இம்மலைகளின் பள்ளங்களில், சோலை மரங்களின் இலையும் மேட்டுப் புல்லும் நீருக்கடியில் காற்றுப் படாமல் பாதி மக்கிக் கருஞ்சேறாகப் படிந்திருக்கின்றன. குக்கல் ஏரியின் படிவுகள் ஹோலோசீன் காலத்தின் முற்பகுதி வரை பின்னோக்கிச் செல்கின்றன. புல்வெளிகளில் வாட்டில் மரமும் யூகலிப்டஸும் பரவிவிட்ட இந்நாளில், பூர்வ நிலப்பரப்புக்கு இதைவிட விசுவாசமான சாட்சி ஏது? ஆயினும் அந்தச் சாட்சியை விசாரிக்கும் வழக்கமான முறை தகனமே. ஏறத்தாழ 550 டிகிரி வெப்பத்தில் எரித்து, குறைந்த எடையைக் கரிமப்பொருளின் அளவாகக் கொள்கிறார்கள். நீலகிரிக் கரிச்சேற்றிலிருந்து இருபதாயிரம் ஆண்டுப் பருவநிலை மாற்றங்களை 1993-இல் சுகுமாரும் சகாக்களும் வெளிப்படுத்திய அரிய ஆராய்ச்சியும், கார்பன் ஐசோடோப்புகளை அளப்பதற்காகச் சேற்றை வாயுவாக்கியே நடந்தது.

எரிக்காத வழிகளில் முதன்மையானது எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை. கதிர் பட்டதும் இரும்பும் டைட்டானியமும் தத்தமக்குரிய கதிர்களை உமிழ்ந்து, சரிவிலிருந்து மண் எவ்வளவு அடித்துவரப்பட்டது என்பதைத் தெரிவிக்கின்றன. கரிமத்தின் கதிரோ காற்றிலேயே அடங்கிப்போகும் அளவுக்குப் பலவீனமானது. எனினும் இலேசான அணுக்கள் நிறைந்த பொருள், சக்தியைச் சற்று இழந்த கதிர்களையே மிகுதியாகச் சிதறடிக்கும் ஆதலால், இழந்தவற்றுக்கும் இழக்காதவற்றுக்கும் உள்ள விகிதத்தைக்கொண்டு கரிமப்பொருளை மறைமுகமாக மதிப்பிடலாம். ஈரம் ஏறினாலும் இவ்விகிதம் மாறும் என்பதால் எச்சரிக்கை அவசியம்.

எரிக்காத மற்றொரு வழியான, நம் சர் சி. வி. ராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறல், மூலகங்களையன்றி மூலக்கூறுகளின் பிணைப்புகளையே காட்டவல்லது. ஆனால் மக்கிய பொருள் லேசர் பட்டதும் தானே ஒளிர்ந்து, அந்த மெல்லிய சிதறலை மூழ்கடித்துவிடும். 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரைப் பயன்படுத்தினால் அத்தொல்லை பெரிதும் குறைகிறது. அதிலும் சக்தியைத் தணித்தே வைக்கவேண்டும். இல்லாவிடில் கருஞ்சேறு லேசரின் ஒளியை உறிஞ்சிச் சூடேறி, பட்ட இடத்திலேயே கருகிவிடும்.

காலத்தை நிர்ணயிக்கும் ரேடியோகார்பன் சோதனைக்கு மட்டும் இன்றும் சிறிது மாதிரியை எரித்தே ஆகவேண்டும். ஆகையால் குழாய் செலுத்தி எடுத்த சேற்றுத் தூணை நெடுக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் குளிரறையில் பத்திரப்படுத்திவிட்டு, மறுபாதியைக் கதிரால் முழுவதும் அளந்த பிறகே, மாறுதல் தென்படும் மட்டங்களில் மாத்திரம் சிட்டிகையளவு எடுப்பது உத்தமம்.