தென்னை ஓலையில் கருப்பு, அடிமரத்தில் சிவப்பு: எது ஆபத்து? மருந்து அடிக்கும் முன் இதைப் பாருங்க!

திண்டுக்கல் மாவட்டத்தில் ஆத்தூர், அய்யம்பாளையம், நிலக்கோட்டை, நத்தம் பக்கம் தென்னைதான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஓலையெல்லாம் கரி பூசியதுபோல ஆனால், மரமே போச்சு என்று பயந்து பூச்சிமருந்து அடிப்பவர்கள் உண்டு. அது தேவையா?

கருப்பு எங்கிருந்து வருது?

காரணம் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூச்சி, 2016-ல் பொள்ளாச்சி பகுதியில்தான் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது. ஓலையின் அடிப்பக்கம் சுருள் சுருளாக முட்டையிட்டு, சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழ் ஓலைகளில் படியும். அந்த இனிப்பில் வளர்வதுதான் கரும்பூசணம். இது ஓலைக்குள் நுழையாது. ஆனால் வெயிலை மறைப்பதால் மரம் உணவு தயாரிப்பது குறையும்.

மருந்து ஏன் அடிக்கக்கூடாது?

இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அழிக்கும் என்கார்சியா என்ற சின்னஞ்சிறு குளவி தோப்பிலேயே இருக்கு. கரும்பூசணத்தைத் தின்னும் ஒரு வண்டையும் கேரளத் தோப்புகளில் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ரசாயன மருந்து முதலில் கொல்வது இந்தக் காவல்காரர்களைத்தான். பிறகு ஈ இன்னும் பெருகும்.

அப்போ என்ன செய்யலாம்?

* விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறியை ஏக்கருக்கு 8 முதல் 10 கட்டுங்க.
* ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடிங்க.
* கருப்பு படிந்த ஓலையில், லிட்டருக்கு 25 கிராம் மைதா காய்ச்சிய பசையைத் தெளிங்க. காய்ந்ததும் பூசணம் பொருக்காக உதிரும்.

அடிமரத்தில் சிவப்பா? உஷார்!

உண்மையில் பயப்பட வேண்டியது இதுக்குத்தான். மரத்தின் தூரில் செம்பழுப்பு நீர் வடிந்தால், அது அடித்தண்டு அழுகல் நோயாக இருக்கலாம். 1952-ல் தஞ்சாவூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் என்றும் பெயர். கானோடெர்மா என்ற பூஞ்சை வேரிலிருந்து மேலேறி மரத்தையே சாய்த்துவிடும். பலவீனமான தண்டைத் துளைவண்டுகளும் குடையும்.

இது மண், பாசன நீர் வழியாகப் பக்கத்து மரத்துக்கும் பரவும். அதனால் தோப்பு முழுக்கத் தண்ணீர் பாய்ச்சாமல், ஒவ்வொரு மரத்துக்கும் தனி வட்டப்பாத்தி அமைக்கணும். நோயுற்ற மரத்தைச் சுற்றிக் குழி வெட்டித் தனிமைப்படுத்தணும். மரத்துக்கு வருஷம் 5 கிலோ வேப்பம்புண்ணாக்குடன் ட்ரைக்கோடெர்மா கலந்து வைக்கலாம். இதுவும் பூஞ்சைதான், ஆனால் நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை.

பட்டுப்போன மரத்தை வேரோடு தோண்டி எரிச்சிடுங்க. சிவப்பு நீர் வடிவதைப் பார்த்தால் தள்ளிப்போடாமல் உங்கள் வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் சொல்லுங்க. ஒரு மரத்தில் தடுத்தால், பக்கத்து மரங்கள் தப்பும்.