மெய்ப்புப் பார்த்தவர் மேல் பழியில்லை

பழைய ஆங்கில நாளிதழ்களில் 'கஃபே' என்ற பிரெஞ்சுச் சொல் சில நாள் விநோதமாக அச்சாகியிருக்கும். மூன்று சின்ன எழுத்துகளுக்குப் பின் திடீரென ஒரு பெரிய 'இ'; அதன் தலைக்கோடும் திசைமாறிச் சாய்ந்திருக்கும். பின்லாந்துக்காரரின் பெயர் நடுவே சதவீதக் குறி போல ஒன்று, கீழே மட்டும் இரண்டு சுழியோடு. அது ஆயிரத்துக்கு எத்தனை என்பதைக் காட்டும் குறி. தன் பெயரை அப்படிப் பார்ப்பவருக்கு எப்படியிருக்கும்!

இதற்கு மெய்ப்புப் பார்த்தவரைத் திட்டிப் பயனில்லை. கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. 1963இல் வெளியான ஆஸ்கி தரத்தில் இருந்தவை 128 எண்கள். ஆங்கிலத்துக்கு அது போதும்; கோடும் புள்ளியும் ஏந்திய எழுத்துகளுக்கு இடமில்லை. அதற்கு மேல் 128 முதல் 255 வரையுள்ள எண்களைக் கணினி நிறுவனங்கள் ஆளுக்கொரு விதமாக நிரப்பிக்கொண்டன.

233ஐ எடுத்துக்கொள்வோம். விண்டோஸில் அது வலப்பக்கம் சாய்ந்த கோடுள்ள சின்ன 'இ'. பழைய மேக்கில் இடப்பக்கம் சாய்ந்த கோடுள்ள பெரிய 'இ'. அமெரிக்க டாஸ் கணினியிலோ கிரேக்கத் 'தீட்டா'! விண்டோஸில் தட்டிய செய்தியை மேக்கில் பக்கம் கட்டினால் 'கஃபே' கெடுவது இப்படித்தான். பிழையைப் பார்த்தே செய்தி எந்த வழியாக வந்தது என்று சொல்லிவிடலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு வந்தபின் பிழையின் முகம் மாறியது. 1992இல் உருவான யூடிஎஃப்-8 முறையில் 'கஃபே'யின் அந்தக் கோடுள்ள சின்ன 'இ'க்கு இரண்டு பைட்டுகள்: 195, 169. பழைய நிரல் இவற்றைத் தனித்தனி எழுத்தாகப் படித்து, தலையில் அலைக்கோடுள்ள பெரிய 'ஏ'யையும் பதிப்புரிமைக் குறியையும் போடுகிறது.

இதே முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். முதலாவது எப்போதும் 224. அடுத்தது 174 அல்லது 175. விண்டோஸில் 174 என்பது வட்டத்துக்குள் இருக்கும் 'ஆர்'. உடைந்த தமிழ்ப் பக்கத்தில் அந்த வட்டங்கள் வரிவரியாக நிற்பது இதனால்தான்.

இப்படி உடைந்ததைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பைட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் எழுத்து கேள்விக்குறியாக மாறிச் சேமிக்கப்பட்டிருந்தால் மூலம் அழிந்துவிட்டது. அச்சகத்துக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்புகிறவர்கள் கோப்பை யூடிஎஃப்-8இல் சேமியுங்கள். அச்சேறும் முன் பெயர்களை மட்டுமாவது ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.