எடைக்குப் போகும் வைஸ்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் அதைச் சுற்றியும் பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பியாக்கும் ஆலைகள் நிறைய. அதனால் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு பட்டறை மூடப்பட்டால், அங்கிருக்கும் இரும்புக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. லேத், டிரில்லிங் மெஷின், மோட்டார் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை பேசுவார்கள். மேசை மூலையில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும், வேலைப்பொருளை இறுகப் பிடிக்கும் வைஸுக்கு மட்டும் பேச்சே இருக்காது. கழற்றித் தராசில் வைப்பார்கள். கிலோ கணக்கில் முடிந்துவிடும். ஐம்பது அறுபது ஆண்டு உழைத்து, இன்னும் அவ்வளவு காலம் உழைக்கக்கூடிய கருவியை எடைக்குப் போடுவது நஷ்டம் மட்டுமல்ல, அறியாமை என்றே சொல்வேன்.

இந்த வட்டாரத்தில் பழைய வைஸ்கள் இவ்வளவு இருப்பதற்குக் காரணம் உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் திருவள்ளூர் வழியாகத்தான் ஓடியது. அதே ஆண்டில் பெரம்பூரில் ரயில்வே பணிமனை வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆவடி ராணுவக் கிடங்காக வளர்ந்தது. விடுதலைக்குப் பிறகு எண்ணூரில் லாரி, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள், பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டி, 1960களில் ஆவடியில் டாங்கி, அம்பத்தூரில் சிறுதொழில் பேட்டை என வரிசையாகத் தொழில்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஃபிட்டர்கள். ஃபிட்டர் இருக்கும் இடமெல்லாம் வைஸ் இருந்தாக வேண்டும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேரும் மாணவர் முதலில் கற்பது, இரும்புத் துண்டை வைஸில் பிடித்து அரத்தால் ராவுவதைத்தான்.

வைஸின் விஞ்ஞானம், பொருளைப் பிடிக்கும் தாடையை நகர்த்தும் மரைத் தண்டான ஸ்பிண்டிலில் இருக்கிறது. கைப்பிடியை நடுவிலிருந்து 15 செ.மீ. தள்ளிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் கை சுமார் 94 செ.மீ. பயணம் செய்கிறது. மரையின் இடைவெளி 6 மி.மீ. என்றால், அதே நேரத்தில் தாடை நகர்வது 6 மி.மீ. மட்டுமே. கை நகரும் தூரம் தாடை நகரும் தூரத்தைப்போல் 157 மடங்கு. ஆகவே 20 கிலோ விசையில் கைப்பிடியைத் தள்ளினால், கணக்குப்படி தாடையில் 3,140 கிலோ விசை வர வேண்டும். மரையிலும் ஸ்பிண்டிலின் கழுத்திலும் ஏற்படும் உராய்வு அதில் முக்கால் பங்கைத் தின்றுவிடும். மீதமே ஏறத்தாழ 800 கிலோ.

முக்கால் பங்கு வீண் என்று நினைக்க வேண்டாம். அந்த உராய்வு இல்லாவிட்டால் கையை எடுத்த மறுகணமே தாடை தானாகத் திறந்துகொள்ளும். மரையின் சரிவு சுமார் 5 பாகை. எண்ணெய் போட்ட இரும்பின் உராய்வுக் கோணம் அதைவிட அதிகம். அதனால்தான் முடுக்கிய வைஸ் முடுக்கியபடியே நிற்கிறது. பழைய நல்ல வைஸ்களில் சதுர மரை இருக்கும். அதை வெட்டுவது கடினம், செலவும் கூட. ஆனால் தள்ளும் விசை முழுவதும் நேராகப் போவதால் ஸ்பிண்டில் ஓடும் நட்டைப் பக்கவாட்டில் பிளக்கப் பார்க்காது. மலிவுப் பதிப்புகளில் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது பெரும்பாலும் இந்த மரைதான்.

அடுத்தது உடல். பெரும்பாலான பழைய வைஸ்கள் சாம்பல் வார்ப்பிரும்பு. இதில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் கார்பன் இருக்கும். அது மெல்லிய கிராஃபைட் செதில்களாக இரும்புக்குள் பரவிக் கிடக்கும். அந்தச் செதில்கள் அதிர்வை விழுங்கிக்கொள்வதால்தான் அரம் போடும்போது வேலை கிறீச்சிடாமல் அமைதியாக நடக்கிறது. அதே செதில்களே பலவீனமும். அழுத்தத்தைத் தாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இழுப்பை இது தாங்காது. முடுக்கும்போது தாடைகள் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். அதனால் தாடையின் கழுத்தில், உட்புறமாக, இழுவிசை சேரும். விரிசல் பிறக்கும் இடம் அதுதான். 1943இல் அமெரிக்காவில் கீத் மில்லிஸ் உருகிய இரும்பில் மக்னீசியம் சேர்த்துப் பார்த்தபோது, செதில்கள் உருண்டைகளாக மாறின. இரும்பு உடையாமல் வளையத் தொடங்கியது. இன்று எஸ்.ஜி. அயர்ன் என்று நம் ஃபவுண்டரிகளில் வழங்குவது அதுவே. ஆகையால் 1940களுக்கு முந்தைய வைஸ் என்றால் எஸ்.ஜி. அயர்னாக இருக்க வாய்ப்பில்லை. சுத்தியலால் மெல்லத் தட்டினால் சாம்பல் வார்ப்பு மந்தமாக ஒலிக்கும். எஃகு வார்ப்பு மணிபோல் கணீரென்னும்.

இனி அடையாளம் காண்பது. நம் ஊரில் அதிகம் மதிக்கப்படும் பழைய பெயர் 'ரிக்கார்டு'. 1898இல் ஷெஃபீல்டில் தொடங்கிய சி. அண்ட் ஜே. ஹாம்ப்டன் நிறுவனத்தின் முத்திரை அது; நீல வண்ணம் அதன் அடையாளம். அந்த நிறுவனம் 1970களில் ரிட்ஜ்வேயுடன் இணைந்தது. எனவே 'ரிக்கார்டு ரிட்ஜ்வே' என்றிருந்தால் அது அதற்குப் பிந்தையது. கைப்பிடிக்கு அருகே சின்ன விசைக்கட்டை இருந்து, அதை அழுத்தினால் தாடை சுற்றாமலே சரசரவென்று நகர்ந்தால், அது குயிக் ரிலீஸ் வகை. யார்க்‌ஷயரின் ஷிப்லியில் பார்க்கின்சன் தயாரித்த 'பெர்ஃபெக்ட்' வைஸ் இதில் பேர்பெற்றது. சிகாகோவில் 1941இல் ஹியூ வோகல் தொடங்கிய 'வில்ட்டன்' இங்கே அபூர்வம். அதன் பின்பகுதி துப்பாக்கிக் குண்டு வடிவில் உருண்டிருக்கும். நகரும் பகுதியின் அடியில் தேதி குத்தியிருப்பார்கள். தொடக்க காலத்தில் அது தயாரித்த தேதி. பின்னாளில் ஐந்தாண்டு உத்தரவாதம் முடியும் தேதி. அதிலிருந்து 5 ஆண்டு கழித்துக்கொள்ள வேண்டும். அகன்ற அம்புக்குறி குத்தியிருந்தால் அது பிரிட்டிஷ் அரசின் சொத்தாக இருந்தது என்று பொருள்.

பெயர் அழிந்த வைஸிலும் துப்பு கிடைக்கும். தாடை முகப்பிலுள்ள ஜா பிளேட்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூவைக் கழற்றி, அதன் மரைக் கோணத்தை திரெட் கேஜ் வைத்துப் பாருங்கள். 55 பாகை என்றால் அது 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த ஆங்கிலேய மரை. 60 பாகையும் மில்லிமீட்டர் அளவும் என்றால் மெட்ரிக். இந்தியாவில் மெட்ரிக் முறை 1958 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. பட்டறைகள் பழைய மரையை உடனே கைவிடவில்லை என்பதால் இது ஆண்டைச் சொல்லாது, காலகட்டத்தைச் சொல்லும். ஜலந்தர், லூதியானா தயாரிப்புகளை அயல்நாட்டுச் சரக்குக்குக் கீழே வைப்பது நம்மவர் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெஞ்ச் வைஸுக்கென்றே ஐ.எஸ். 2586 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அதற்கு உட்பட்டு ஒழுங்காக வார்த்த பழைய பஞ்சாப் வைஸ், தேய்ந்துபோன ஷெஃபீல்டு வைஸைவிட எந்நாளும் மேல்.

ஆம், விலையைத் தீர்மானிக்க வேண்டியது தேய்மானமே. பெயரும் வயதும் அதற்குப் பிறகுதான். முதலில் விரிசல். தாடைக் கழுத்திலும், நகரும் பகுதி உடலுக்குள் நுழையும் வாயின் மூலைகளிலும் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து தூளில் கோடு விழும். கோடு விழுந்தால் அந்த வைஸை எடைக்குப் போடலாம். வார்ப்பிரும்பைப் பற்றவைப்பது பெரும்பாலும் செலவுக்குத் தகுந்த பலன் தராது. இரண்டாவது, ஆட்டம். தாடையைப் பாதி திறந்து, நகரும் தாடையை மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். மூன்றாவது, தாடைகள் சேரும் விதம். இரு முனைகளிலும் காகிதத் துண்டு வைத்து மூடினால் இரண்டும் ஒரே இறுக்கத்தில் பிடிபட வேண்டும். மேல் விளிம்பு முதலில் தொட்டு, கீழே மயிரிழை இடைவெளி இருந்தால் அது குறையன்று. இறுக்கும்போது தாடை சாய்ந்து சமமாகட்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள். கீழே தொட்டு மேலே இடைவெளி இருந்தால்தான் கவலை.

தேய்ந்த நட், மழுங்கிய ஜா பிளேட், வளைந்த கைப்பிடி இவற்றைக் கண்டு பின்வாங்க வேண்டாம். அம்பத்தூர்க் கடைசல் பட்டறைகளில் கன்மெட்டலில் புது நட் கடைந்து தருவார்கள். கைப்பிடி வளைந்திருந்தால் யாரோ பைப் மாட்டித் திருகியிருக்கிறார்கள். உடல் உடைவதற்கு முன் தான் வளைந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் கைப்பிடியை மென்மையான எஃகில் செய்வார்கள். வளைந்த கைப்பிடி தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் உடலில் விரிசல் உண்டா என்று மறுபடி பார்த்துவிடுங்கள்.

துரு இந்தப் பகுதியின் தனிப் பிரச்சினை. எண்ணூர், வள்ளூர், மீஞ்சூர், பழவேற்காடு வரை உப்புக் காற்று. துருவுக்குள் குடியேறும் குளோரைடு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே சுரண்டி பெயிண்ட் அடித்தால் அடியில் மறுபடி பூக்கும். மின்னாற்பகுப்பு இதற்குச் சிறந்த வழி. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடத்தில் சு. பரமசிவன் 1930களில் செப்புத் திருமேனிகளை மீட்டதும் இதே தத்துவத்தில்தான். பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த நீர். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனை வைஸில், நேர்முனை சாதாரண இரும்புத் தகட்டில். எவர்சில்வர் தகட்டை ஒருபோதும் போடாதீர்கள். நச்சான குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்தவெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். எடுத்ததும் கழுவி, துடைத்து, எண்ணெய் பூச வேண்டும். பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்கவும் கூடாது. வீட்டுப் பெயிண்டுக்கே 90 பி.பி.எம். என்ற ஈய வரம்பு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

பட்டறையை மூடுகிறவர்களுக்கும் பழைய இரும்புக் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வைஸைத் தராசில் ஏற்றும் முன் சாக்பீஸ் சோதனையை மட்டும் செய்துபாருங்கள். கோடு விழாவிட்டால் பக்கத்து ஐ.டி.ஐ.யிலோ, புதிதாகப் பட்டறை போடும் பையனிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். இரும்பு விலைக்கு மேல் கொஞ்சம் கூட்டி விற்றாலும், அதே தரத்தில் புதிது வாங்குவதைவிட அவர்களுக்கு அது மலிவாகவே இருக்கும்.