2010 பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளில் வில்வித்தை – பெண்கள் தனிநபர் ரிகர்வ்

2010 பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளின் பெண்கள் தனிநபர் ரிகர்வ் வில்வித்தை, அக்டோபர் மாதம் தில்லி யமுனா விளையாட்டு வளாகத்தில் நடைபெற்றது.

ரிகர்வ் என்பது முனைகள் முன்புறமாக வளைந்த வில். 70 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கின் மீது சுற்றுக்கு மூன்று அம்புகள் எய்ய வேண்டும். சுற்றை வென்றால் 2 புள்ளிகள். சமநிலை எனில் ஆளுக்கு 1. முதலில் 6 புள்ளிகளை எட்டுபவர் வெற்றி பெறுவார்.

இறுதிப் போட்டியில் ராஞ்சி பகுதியைச் சேர்ந்த 16 வயது தீபிகா குமாரி, 2004 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இங்கிலாந்தின் அலிசன் வில்லியம்சனை 6–0 என வீழ்த்தித் தங்கம் வென்றார். வெண்கலம் இந்தியாவின் தோலா பானர்ஜிக்குக் கிடைத்தது.

இதற்கு முன் 1982இல் பிரிஸ்பேனில் மட்டுமே பொதுநலவாயப் போட்டிகளில் வில்வித்தை இடம்பெற்றிருந்தது. அப்போது நியூசிலாந்தின் நெரோலி ஃபேர்ஹால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி எய்து தங்கம் வென்றார். 2014, 2018, 2022 போட்டிகளில் வில்வித்தை சேர்க்கப்படாததால், தீபிகாவுக்குத் தம் பட்டத்தைத் தக்கவைக்கும் வாய்ப்பே அமையவில்லை.