திரையின் ஓரத்தில் நின்ற பெண்கள்

தொலைக்காட்சி நாடகங்கள் நேரத்தை விழுங்குகின்றன என்ற குறை எமது வீடுகளில் அடிக்கடி கேட்கிறது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், நாடகத்தைப் பார்த்து முடித்ததும் “இந்தப் பெண்ணுக்கு அப்புறம் என்ன நடந்தது?” என்று கேட்டு, விடையைத் தாமே எழுதிய பெண்களும் இருக்கிறார்கள். அவர்களது கதைகளையே இம்மாதம் சகோதரிகளுக்குச் சிபாரிசு செய்ய விரும்புகிறேன்.

ஏற்கனவே உள்ள ஒரு நாடகத்தின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளை ரசிகர் புனைவு என்கிறோம். இது எமக்கு அந்நியமான ஒன்றல்ல. இராமாயணத்து அகலிகையைப் புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ சிறுகதையில் மீண்டும் பேச வைத்தார் அல்லவா? அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டிலேயே ‘ஸ்டார் ட்ரெக்’ நாடகத்தின் ரசிகைகள் ‘ஸ்பொக்கனேலியா’ என்ற சஞ்சிகையை ரோனியோ பிரதிகளாக வெளியிட்டார்கள். பின்னர் இக்கதைகள் இணையத்துக்கு வந்தன.

நான் விரும்பி வாசிப்பவை ‘த வெஸ்ட் விங்’ என்ற அரசியல் நாடகத்தைத் தழுவிய கதைகள். ஆரோன் சோர்க்கின் உருவாக்கிய இந்நாடகம் 1999 முதல் 2006 வரை ஏழு பருவங்களாக ஒளிபரப்பானது. அமெரிக்க ஜனாதிபதி பார்ட்லெட்டும் அவரது அலுவலர்களும் வெள்ளை மாளிகையில் படும் பாடுதான் கதை. வேகமான உரையாடல், நடந்துகொண்டே நடக்கும் விவாதங்கள் என்று விறுவிறுப்பாகச் செல்லும். ஆனாலும் பெரிய தீர்மானங்கள் எடுக்கப்படும்போது பெண்கள் பலமுறை கதவுக்கு வெளியே நிற்கிறார்கள்.

எதை வாசிக்கலாம்?

முதலில் சீ.ஜே. கிரெக் பற்றிய கதைகளைச் சொல்வேன். இவர் ஜனாதிபதியின் ஊடகச் செயலாளர். இப்பாத்திரத்துக்காக நடிகை அலிசன் ஜெனி நான்கு எம்மி விருதுகள் பெற்றார். முதற் பருவத்தில், இந்தியப் படைகள் எல்லையைக் கடந்த செய்தியைச் சக அலுவலர்கள் இவரிடம் மறைத்துவிடுகிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று நிருபரிடம் சொல்லி அவர் அவமானப்பட நேர்கிறது. நாடகம் சில நிமிடங்களில் இதைக் கடந்துவிடும். ரசிகைகளோ இத்தகைய இடங்களில்தான் கதையைத் தொடங்குகிறார்கள். நம்பப்படாத ஒரு பெண் மறுநாள் அதே மேடையில் எப்படி ஏறி நிற்பாள்? அலுவலகங்களில் வேலை செய்யும் எவருக்கும் இது தெரிந்த வலிதான்.

அடுத்து டொனா மொஸ். ஆரம்பத்தில் இவர் ஜோஷ் லைமன் என்ற உயரதிகாரியின் உதவியாளர். இறுதிப் பருவத்தில் புதிய ஜனாதிபதியின் மனைவிக்குப் பிரதம அலுவலராகிறார். இவ்வளர்ச்சியை நாடகம் எட்டுவதற்கு வெகு முன்னரே ரசிகைகள் அவரது திறமையைக் கண்டு எழுதத் தொடங்கிவிட்டார்கள். இவரையும் ஜோஷையும் பற்றிய காதற் கதைகள் மிக அதிகம். ஒரே மாதிரியானவையும் உண்டு. டொனாவின் உழைப்பைப் பேசும் கதைகளைத் தேடி வாசியுங்கள்.

மூன்றாவது, ஜனாதிபதியின் செயலாளர் திருமதி லாண்டிங்ஹாம். இரட்டைப் புதல்வர்கள் இருவரையும் வியட்நாம் யுத்தத்தில் பறிகொடுத்த தாய். அத்துயரத்தை நாடகத்தில் அவர் சில வரிகளில் மட்டுமே சொல்கிறார். பிள்ளைகளை யுத்தத்துக்குக் கொடுத்த தாய்மார் வாழும் எமது நாட்டில், அந்தச் சில வரிகளுக்குப் பின்னாலுள்ள வாழ்வை விளக்கவே தேவையில்லை.

வாசிக்குமுன்

‘ஆர்க்கைவ் ஒஃப் அவர் ஓன்’ என்ற இணையத்தளத்தில் இக்கதைகளை இலவசமாக வாசிக்கலாம். 2009இல் திறக்கப்பட்ட இதனை இலாப நோக்கற்ற அமைப்பொன்று விளம்பரங்களின்றி நடத்துகிறது. 2019இல் இத்தளத்துக்கு ஹியூகோ விருதும் கிடைத்தது. ஒவ்வொரு கதையின் தலைப்பிலும் அது யாருக்கு ஏற்றது என்ற குறிப்பு இருக்கும். வயது வந்தோருக்கு மட்டுமான கதைகளும் உள்ளதால், பிள்ளைகளிடம் கொடுக்குமுன் தாய்மார் அக்குறிப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கதைகள் ஆங்கிலத்தில் இருப்பதும், நாடகத்தைப் பார்க்காதவர்களுக்குச் சில இடங்கள் புரியாமல் போவதும் குறைகளே. முதற் பருவத்தையாவது பார்த்துவிட்டு வாசிப்பது நல்லது.

இவற்றை எழுதுபவர்கள் பணம் பெறுவதில்லை. வெளியிடுமுன் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்துத் திருத்திக் கொடுக்கும் நல்ல வழக்கமும் இவர்களிடையே உண்டு. எழுத ஆசையிருந்தும் “எனக்கு எங்கே கதை எழுத வரும்?” என்று தயங்கும் சகோதரிகளுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் எது? புதிதாக ஓர் உலகத்தை உருவாக்க வேண்டியதில்லை. தெரிந்த கதையில், யாரும் பேசவிடாத ஒரு பெண்ணைத் தெரிவுசெய்தால் போதும்.

இன்றிரவு நீங்கள் பார்க்கும் நாடகத்தில் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மறையும் பெண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். உள்ளே பேசப்பட்டதைக் கேட்டு அவள் என்ன நினைத்தாள்? ஒரு பக்கமாவது எழுதிப் பாருங்கள்.