மகனுக்கே தெரியாத மாவீராங்கனை! தெரியுமா?

1950-ல் சீனாவில் ‘ஜாவ் யிமான்’ என்றொரு படம் வெளியானது. ஜப்பானியப் படையோடு மோதிய கெரில்லாப் பெண்ணின் நிஜக்கதை! நாயகியாக நடித்தவருக்குக் கார்லோவி வாரி படவிழாவில் விருதே கிடைத்தது! ஆனால் அந்த வீராங்கனையின் ஒரே மகனுக்கு, அது தன்னைப் பெற்றவளின் கதை என்று அப்போது தெரியாது!

எப்படித் தெரியும்? ஜாவ் யிமான் என்பதே அவர் சூட்டிக்கொண்ட பெயர்! 1905-ல் சிச்சுவான் மாகாணத்தில் பிறந்தபோது அவர் லி குன்டாய்! சில ஆண்டுகள் கழித்து உண்மை தெரியவந்ததும் மகன் என்ன செய்தார் தெரியுமா? அம்மாவின் பெயரைக் கையில் பச்சை குத்திக்கொண்டார்!

சிறுமிகளின் பாதங்களைத் துணியால் இறுக்கிக் கட்டிக் குறுக்கிய காலம் அது. முடியவே முடியாது என்று அடம்பிடித்தார் இவர்! அந்தக் கால்கள் எங்கெல்லாம் போயின? வூஹான் ராணுவப் பள்ளி, மாஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகம், கடைசியில் ஜப்பானியர் பிடித்திருந்த மஞ்சூரியக் காடு!

1930-ல் கைக்குழந்தையை மடியில் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். பிள்ளையைக் கணவரின் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார். அதன்பின் தாயும் மகனும் சந்திக்கவே இல்லை!

1935 நவம்பர். ஜப்பானியரை எதிர்த்த சண்டையில் காலில் குண்டடி! எலும்பு சிதறிய நிலையில் பிடிபட்டார். எவ்வளவு சித்திரவதை செய்தும் ரகசியம் ஒன்றுகூட வெளியே வரவில்லை!

இனிதான் ஆச்சரியம்! ஹார்பின் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருந்தவர், மருந்து மடித்த காகிதங்களில் போர்க்களக் கதைகளை எழுதித் தன்னைக் காவல் காத்தவனிடமே கொடுத்தார்! படித்தவன் மனம் மாறினான்! ஓர் இளம் நர்ஸும் சேர்ந்துகொண்டார்! 1936 ஜூன் 28 இரவு, மூவரும் தப்பினார்கள்! முதலில் கார், பிறகு பல்லக்கு, அப்புறம் குதிரை வண்டி! கெரில்லாக்களின் பகுதியை நெருங்கும் நேரத்தில், ஜூன் 30 அன்று, துரத்தி வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். என்ன கொடுமை!

ஆகஸ்ட் 2. கொலைக்களத்துக்கு ரயிலில் கொண்டுபோகிறார்கள். அவர் என்ன கேட்டார் தெரியுமா? பேனாவும் காகிதமும்! எழுதியது மகனுக்கு! அன்றே சுட்டுக்கொன்றார்கள். வயது 30!

அவரைச் சித்திரவதை செய்த ஹார்பின் போலீஸ் தலைமையகம் இன்று என்ன ஆனது? தியாகிகளின் அருங்காட்சியகம்! அது இருக்கும் தெருவின் பெயர்? யிமான் தெரு!